ஹாலில் வெள்ளம்

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் கரையைக் கடந்து, வேளச்சேரியில் எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது. எங்கள் ஹாலில் மட்டும் வடிந்தபாடில்லை. தரை முழுக்க நீலப் போர்வை. சோபாதான் மொட்டை மாடி. அதில் காலை மடக்கி உட்கார்ந்து "காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று கத்தும் பொறுப்பு என் அப்பாவுக்கு. தாலுகா ஆபீஸில் சர்வீஸ் முழுக்க நிவாரணம் கொடுக்கும் பக்கம் நின்ற மனிதர், பாவம்.

துணி ஊறவைக்கும் டப்தான் படகு. ரெயின்கோட், கழுத்தில் விசில் சகிதம் அதை இழுத்து வந்தவள் யூ.கே.ஜி. படிக்கும் என் மகள். கையில் பொட்டலம். பொய்ப் பொட்டலம் இல்லை. சமையலறையிலிருந்து கிளம்பிய நிஜத் துவரம்பருப்பு, நாலு பிஸ்கட், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, கொசுவத்தி ஒரு சுருள். கரண்ட் இல்லாமல் கிடந்தபோது படகில் வந்த காலேஜ் பையன்கள் கொடுத்த பையில் என்னென்ன இருந்ததோ, ஒன்று விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறாள். கொசுவத்தி இருந்ததை நானே மறந்துவிட்டேன்.

அப்பா கையை நீட்டினார். பொட்டலம் வரவில்லை.

"இருங்க, போட்டோ எடுக்கணும்."

எதிர்வீட்டுப் பையன் டிவி ரிமோட்டைத் தூக்கிப் பிடித்தான். அப்பாவும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"சிரிக்கக் கூடாது தாத்தா. சோகமா இருங்க."

அந்தக் காலேஜ் பையன்கள் படமே எடுக்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு பேனரோடு வந்தவர்கள்தான் எடுத்தார்கள். அவள் இரண்டு கோஷ்டியையும் ஒரே படகில் ஏற்றிவிட்டாள்.

அப்புறம் அரசாங்கம் 6,000 ரூபாய் அறிவித்து, ரேஷன் கடை மூலம் டோக்கன் கொடுக்கத் தொடங்கியது. எங்கள் ஹாலுக்கும் அந்த நடைமுறை வந்தது. டோக்கன் இல்லாதவர்களைப் படகு திரும்பிக்கூடப் பார்க்காது. அப்பா எவ்வளவு கத்தினாலும் "லைன்ல வாங்க" என்பதுதான் பதில். மாடியில் மாட்டிக்கொண்டவர் எந்த லைனில் வருவார்? டோக்கன்கள் தினசரிக் காலண்டரிலிருந்து அச்சாகின. வைகுண்ட ஏகாதசி என்றைக்கு என்று அம்மா பார்க்கப் போனால், சுவரில் வெறும் அட்டை தொங்குகிறது.

இந்தக் களேபரத்தில் எதிலும் சேராமல், ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான் சின்னவன். நாலு வயசு. முன்னால் இரண்டு காலி பால் கவர்.

"அரை லிட்டர் நூறு ரூபா!"

மழை விட்ட மறுநாள் முக்குக் கடையில் நான் மல்லுக்கட்டியபோது இவன் என் தோளில்தான் இருந்தான்.

அப்பா சோபாவிலிருந்தே கெஞ்சிப் பார்த்தார். "தாத்தா வெள்ளத்துல மாட்டிக்கிட்டேன்டா கண்ணு. கஷ்டப்படுறவங்களுக்குச் சும்மா குடுக்கணும்."

அவன் கவரைப் பார்த்தான். தாத்தாவைப் பார்த்தான். கொஞ்சம் யோசித்தான்.

"சரி தாத்தா, உங்களுக்கு மட்டும் தொண்ணூறு."