ஒலிம்பியாவில் ஒரு யூரோ அபராதம்

கட்டாகோலோ என்று ஓர் ஊர் இருப்பதே கப்பல் பயண அட்டவணையைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். கிரேக்க நாட்டின் மேற்குக் கரை, பெலோபொனீஸ் பகுதி. ஒரு கடைத்தெரு, கொஞ்சம் படகுகள், அவ்வளவுதான். எங்கள் கப்பல் போய் நின்றபோது ஊரைவிடக் கப்பல்தான் பெரிசாகத் தெரிந்தது. இத்துனூண்டு ஊருக்குக் கப்பல்கள் ஏன் வரிசைகட்டி வருகின்றன என்றால், அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர் உள்ளே போனால் ஒலிம்பியா. ஒலிம்பிக் போட்டி பிறந்த அதே ஒலிம்பியா.

நாங்கள் நாலு பேர். நான், இவர், பத்து வயசுப் பையன், திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்துகொண்ட அம்மா. கப்பல்காரர்களே பஸ் வைத்துக் கூட்டிப் போவார்கள், ஆனால் நாற்பது ஐம்பது பேர், முன்னால் ஒருவர் நம்பர் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க, பின்னால் எல்லாரும் ஓட்டமும் நடையுமாகப் போகவேண்டும். அம்மாவின் முட்டிக்கு அது ஆகாது. அதனால் இவர் முன்கூட்டியே தனி வேன் பேசிவிட்டார். பஸ்ஸுக்குத் தலைக்கு இவ்வளவு, வேனுக்கு மொத்தமாக இவ்வளவு. நாலு பேருக்குக் கணக்குப் போட்டால் பெரிய வித்தியாசம் வரவில்லை. இருந்தாலும் அம்மா, "எதுக்கு மாப்பிள்ள இவ்ளோ செலவு, நான் கப்பல்லயே இருந்துக்கிடுதேன்" என்று ரெண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

தனி வேன் எடுப்பவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, டிரைவர் வழியெல்லாம் கதை சொல்லலாம், ஆனால் இடிபாடுகளுக்குள் வந்து விளக்க முடியாது. கிரேக்க நாட்டில் அதற்கு உரிமம் பெற்ற வழிகாட்டிதான் வேண்டும், தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும், காசும் தனி. இரண்டாவது, கப்பல்காரர்களின் பஸ் தாமதமானால் கப்பல் நிற்கும். நம் வேன் தாமதமானால் நிற்காது. துறைமுகத்தில் நின்று டாட்டா காட்ட வேண்டியதுதான். ஒலிம்பியா பக்கம், சாலையும் நெரிசல் இல்லை, அதனால் துணிந்தோம். ஏதென்ஸ் மாதிரி ஊரில் எனக்கு இந்தத் தைரியம் வராது.

இவ்வளவு விவரம் பேசுகிறேன், ஆனால் அன்று காலையில் கோட்டை விட்டது நான்தான். இத்தாலியைவிட கிரேக்க நேரம் ஒரு மணி முன்னால். கடிகாரத்தைத் திருப்பிவைக்கச் சொல்லி முந்தின ராத்திரியே அறைக்கு ஒரு தாள் வந்திருக்கிறது. அந்தத் தாளை நான் விரித்து அதன்மேல் அம்மாவின் மாத்திரைகளை அடுக்கி வைத்திருந்தேன். கடலில் நெட்வொர்க் பிடித்தால் பில் எகிறும் என்று போனையும் விமானப் பயன்முறையில் போட்டுவிட்டதால் அதுவும் தானாக மாறவில்லை. ஏழே முக்கால் என்று நினைத்து நிதானமாக ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, இவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்த வேகத்தில் காபி கவிழ்ந்தது. டிரைவரிடம் சொன்ன நேரம் எட்டரை. அம்மாவை அந்த முட்டியோடு ஓட வைத்துக் கீழே இறங்கினால், அந்த மனிதர் இவர் பெயரைப் பாதியாகச் சுருக்கி எழுதிய அட்டையோடு சிகரெட் பிடித்துக்கொண்டு சாவகாசமாக நின்றார். கோபமே இல்லை. எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

கூட்டத்துக்கு முன்னால் போய்விடலாம் என்பதுதான் தனி வேனின் பெரிய லாபம். அது போச்சு. ஆலிவ் மரங்களும் ஆரஞ்சுத் தோப்புகளுமாக அரைமணி நேரத்துக்கு மேல் போய் இறங்கினால், வாசலில் வரிசையாகப் பஸ்கள். வழிகாட்டி அம்மாள், ஐம்பது வயதைத் தாண்டியவர், தொப்பி, கைத்தடி, கறாரான முகம். கூட்டத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "எல்லாரும் முன்னாலிருந்து பின்னால் வருவார்கள், நாம் பின்னாலிருந்து முன்னால் வருவோம்" என்று நேராகக் கடைசியில் இருக்கிற ஓட்டப் பந்தய மைதானத்துக்குக் கிளப்பிவிட்டார்.

போகிற வழியில் ஹீரா கோயிலை மட்டும் ஒரு நிமிடம் காட்டினார். கி.மு. 600 வாக்கில் கட்டியது, தூண்கள் முதலில் மரம். இற்றுப்போகப் போக ஒவ்வொன்றாகக் கல்தூணாக மாற்றியிருக்கிறார்கள், அதனால் ஒன்று போல் ஒன்று இல்லை. 1936 பெர்லின் போட்டியிலிருந்து ஒலிம்பிக் சுடரை இதன் முன்னால்தான் ஏற்றுகிறார்கள், குழிந்த கண்ணாடியில் வெயிலைக் குவித்து. பையன் உடனே, "அப்ப மேகமூட்டமா இருந்தா?" என்றான். ஒத்திகையில் ஏற்றிய நெருப்பை எடுத்து வைத்திருப்பார்களாம். விவரமானவர்கள்.

மைதானத்தின் வளைவு வாசலுக்குச் சற்று முன்னால், இடது கைப்பக்கம், வரிசையாகச் சில கல்பீடங்கள். மேலே ஒன்றும் இல்லை, வெறும் பீடம். கூட்டம் கூட்டமாக ஆட்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வளைவுக்குள் போட்டோ எடுக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். வழிகாட்டி அங்கேதான் எங்களை நிறுத்தினார். நல்லவேளை நிறுத்தினார். ஒலிம்பியாவில் எனக்கு எது பிடித்தது என்று கேட்டால் இந்தப் பதினாறு பீடங்களைத்தான் சொல்வேன்.

போட்டியில் ஏமாற்றிப் பிடிபட்டவர்களிடம் அபராதம் வாங்கி, அந்தப் பணத்தில் கிரேக்கர்களின் தலைமைக் கடவுள் ஜீயஸுக்கு வெண்கலச் சிலை செய்து இங்கே நிறுத்துவார்களாம். பெயர் ஜேன்ஸ், அதாவது ஜீயஸ்கள். கீழே யார், என்ன செய்தான் என்று எழுதிவிடுவார்கள். முதல் ஆறு சிலை கி.மு. 388-இல் வந்தது, யூபோலஸ் என்ற குத்துச்சண்டைக்காரன் எதிராளிகள் மூன்று பேருக்குக் காசு கொடுத்துத் தோற்கச் சொல்லியிருக்கிறான், கொடுத்தவன், வாங்கியவன் எல்லார் தலையிலும் அபராதம். போட்டியாளர்கள் மைதானத்துக்குள் நுழையும் வழி இதுதான், ஆக ஓடப்போகிற ஒவ்வொருவனும் இந்த வரிசையைத் தாண்டித்தான் போகவேண்டும். நம் ஊர்க் கோயிலில் டியூப்லைட்டில்கூட உபயதாரர் பெயர் இருக்கும், இங்கே அபராதம் கட்டியவன் பெயர். வழிகாட்டி இன்னொன்றும் சொன்னார். அலெக்சாண்டிரியாவிலிருந்து வந்த சரபியோன் என்ற மல்லன், எதிராளிகளைப் பார்த்துப் பயந்து, போட்டிக்கு முந்தின நாள் ஓடியே போய்விட்டான், கோழைத்தனத்துக்காக அவனுக்கும் அபராதம். பாவம், ரெண்டாயிரம் வருஷமாகியும் அவன் பயந்தது நமக்குத் தெரிந்திருக்கிறது.

மைதானம் என்றதும் பையன் கிரிக்கெட் ஸ்டேடியம் அளவுக்குக் கற்பனை செய்து வைத்திருந்தான். உள்ளே போனால் வெறும் மண்தரை, ரெண்டு பக்கமும் புல் முளைத்த மண் சரிவு. "சீட்டே இல்லம்மா?" சுமார் 45,000 பேர் அந்தச் சரிவிலேயே வெயிலில் உட்கார்ந்தும் நின்றும் பார்த்திருக்கிறார்கள். நடுவர்களுக்கு மட்டும்தான் கல் இருக்கை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் குண்டு எறிதலை இங்கேதான் நடத்தினார்கள், அப்போதும் சரிவில்தான் கூட்டம்.

ஆனால் ஓட்டம் தொடங்கும் கோடு இருக்கிறதே, அது அப்படியே இருக்கிறது. தரையோடு தரையாக நீளக் கல்பட்டை, அதில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பள்ளக் கோடுகள், கால் விரல்களை ஊன்றிக்கொள்ள. நான் குனிந்து பார்த்தேன், விரல் நுனி சரியாகப் போய் உட்காரும் அளவு. வெறுங்காலோடு, ஏன் வெறும் உடம்போடுதான் ஓடியிருக்கிறார்கள். இதைக் கேட்டதும் பையனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கல்யாணமான பெண்கள் போட்டியைப் பார்க்கவே கூடாது, பிடிபட்டால் மலையிலிருந்து தள்ளிவிடுவார்கள் என்பது சட்டம்; டிமீட்டர் தேவியின் பூசாரிப் பெண் ஒருத்திக்கு மட்டும் விலக்கு. அப்படி இருந்தும் கல்லிபட்டைரா என்ற தாய், மகன் சண்டையிடுவதைப் பார்க்க, பயிற்சியாளர் வேஷம் போட்டு வந்துவிட்டாள். மகன் ஜெயித்ததும் சந்தோஷத்தில் தடுப்பைத் தாண்டிக் குதித்திருக்கிறாள், குதித்ததில் வேஷம் கலைந்துவிட்டது. அப்பா, அண்ணன் தம்பிகள், மகன் என்று எல்லாருமே ஒலிம்பிக்கில் ஜெயித்த குடும்பம் என்பதால் மன்னித்துவிட்டார்கள், ஆனால் அதிலிருந்து பயிற்சியாளர்களும் துணியில்லாமல்தான் வரவேண்டும் என்று சட்டம் போட்டார்களாம். நான் இதைத் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா முகம் மலர்ந்துவிட்டது. "பின்ன, புள்ள செயிச்சா எந்தத் தாய் சும்மா உக்காந்திருப்பா?"

அப்புறம் ஓட்டம். பாதை 192 மீட்டர் சொச்சம். இவரும் பையனும் கல்லில் கால் வைத்து நின்றார்கள், அம்மா நடுவர். ஒன்று, இரண்டு என்று அம்மா எண்ணி, மூன்று வாயிலிருந்து வருவதற்குள் பையன் பத்தடி போய்விட்டான். இவர் பின்னால் ஓடினார், பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார், பையன் மட்டும் அந்தக் கோடி வரை போய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆடினான். திரும்பி வந்ததும் வழிகாட்டி சிரிக்காமல் சொன்னார்: "அந்தக் காலத்தில் முந்தி ஓடினால் அடி கிடைக்கும். பழைய வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸே எழுதியிருக்கிறார்." அம்மா குறுக்கே வந்தார். "அடியெல்லாம் வேண்டாம். ஒரு யூரோ அபராதம் போடு."

வளைவு வழியாக வெளியே வந்து ஜீயஸ் கோயிலுக்குப் போனபோது அம்மா நின்ற இடத்திலேயே நின்றார். "ஏட்டி, எல்லாம் விழுந்துல்லா கெடக்கு! இதப் பாக்கவா இம்புட்டு தூரம்?" கேட்டதில் நியாயம் இருக்கிறது. 34 தூண்கள் நின்ற கோயில். 2004-இல் மறுபடி எடுத்து நிறுத்திய ஒரே ஒரு தூணைத் தவிர, மிச்சமெல்லாம் தரைமட்டம். கி.பி. ஆறாம் நூற்றாண்டில் வந்த நிலநடுக்கங்களில் சாய்ந்தவை. சாய்ந்த விதம்தான் அழகு. வாழைத்தண்டை வட்டம் வட்டமாக நறுக்கிச் சரித்துவிட்டால் எப்படிக் கிடக்கும், அப்படி ஒவ்வொரு தூணும் துண்டு துண்டாக, ஆனால் வரிசை கலையாமல் கிடக்கிறது. ஒரு துண்டு பக்கவாட்டில் கிடந்தாலே என் தலைக்கு மேல் போகிறது. கிட்டே போய்ப் பார்த்தால் கல் முழுக்கச் சின்னச் சின்னச் சிப்பிகள், கடல் சங்குகள். சலவைக்கல்லுக்குப் பதிலாக உள்ளூர்ச் சிப்பிக்கல்லில் கட்டி, மேலே வெள்ளைச் சுண்ணம் பூசிச் சலவைக்கல் மாதிரி காட்டியிருக்கிறார்கள். வாசலில் அபராதச் சிலை, கோயில் தூணிலேயே பூச்சு வேலை. நான் ரசித்துச் சிரித்தேன், வழிகாட்டிக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

உள்ளே இருந்த ஜீயஸ் சிலைதான் உலக அதிசயம் ஏழில் ஒன்று. சிற்பி பீடியாஸ் செய்தது, தங்கமும் தந்தமும், உட்கார்ந்த நிலையில் ஏறக்குறைய 12 மீட்டர். எழுந்து நின்றால் கூரை பெயர்ந்துவிடும் என்று அந்தக் காலத்திலேயே ஒருவர் குறை சொல்லியிருக்கிறார். இன்று அதில் ஒரு துண்டுகூட இல்லை. தந்தம் ஈரத்தில் கெடாமல் இருக்கச் சிலைக்கு முன்னால் எண்ணெய் தேக்கி வைத்திருந்தார்களாம். அம்மா உடனே, "தைலக்காப்பு" என்றார், ரொம்பத் தெரிந்த விஷயம் போல. சொல்லிவிட்டுப் பக்கத்துக் கல்லில் உட்காரப் போனார், எங்கிருந்தோ காவலாளி விசில் ஊதினார். பழைய கல் எதிலும் உட்காரக் கூடாது. மர நிழலில் பெஞ்சு தேடி உட்கார வைத்தோம். அந்தக் கால் மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தால் கிடைத்திருக்காது.

இதெல்லாம் மிச்சம் கிடப்பதே ஆற்று வண்டலால்தான். கிளாடியோஸ், ஆல்ஃபியோஸ் என்று இரண்டு ஆறுகள் பல மீட்டர் மண்ணைக் கொண்டுவந்து மூடிவிட்டன. 1766-இல் ஓர் ஆங்கிலேயர் இடத்தை அடையாளம் கண்டு, 1875-இல் ஜெர்மானியர்கள் முறையாகத் தோண்ட ஆரம்பித்தார்கள். இன்னும் தோண்டுகிறார்கள்.

அருங்காட்சியகத்தில் எல்லாரும் ஹெர்மிஸ் சிலை முன்னால் நெருக்கியடித்தார்கள். நல்ல சிலைதான், பளபளவென்று வழவழப்பு. அம்மாவை நிறுத்தியது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சின்னக் கறுப்புக் கோப்பை. பீடியாஸின் பட்டறை இருந்த இடத்தில் கிடைத்தது, அடியில் கீறி எழுதியிருக்கிறது: நான் பீடியாஸுடையவன். அம்மா குனிந்து பார்த்தார். "பேரு வெட்டிருக்கானா?" வெட்டியிருக்கிறான் அம்மா. "பின்ன, பட்டறைல பத்துப் பேரு இருப்பான், டம்ளர் மாறிப்போகும்லா." எங்கள் வீட்டு எவர்சில்வர் எல்லாவற்றிலும் அம்மாவின் பெயரும் கல்யாண வருஷமும் இருக்கும், அதனால் அவருக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்.

கப்பல் கிளம்ப ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே கட்டாகோலோ வந்துவிட்டோம், சரியான கடிகாரப்படி. ஐஸ்கிரீம் கடை வாசலில் அம்மா கையை நீட்டினார், பையன் மூக்கால் அழுதுகொண்டே ஒரு யூரோவை எடுத்துக் கொடுத்தான். அதை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார், திருப்பித் தரவே இல்லை.

போன மாசம் திருநெல்வேலியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே முறுக்கு, எள்ளுருண்டை, ஒரு எவர்சில்வர் டம்ளர். பாத்திரக் கடையில் சொல்லிப் பெயர் வெட்ட வைத்திருக்கிறார். மேலே பையன் பெயர், கீழே பொடி எழுத்தில், "முந்தி ஓடியது, ஒலிம்பியா". அவன் தினமும் பால் குடிப்பது அதில்தான்.