போன் தொலைஞ்சதை விட சிம் அப்பா பேருல இருந்ததுதான் பெரிய கஷ்டமாப் போச்சு

போன வாரம்தான் என் போன் திரும்பக் கைக்கு வந்துச்சு, காணாமப் போயி 41 நாள் கழிச்சு. கிடைச்சதுல ரொம்ப சந்தோஷம், ஆனா நடுவுல பட்ட அலைச்சல் இன்னும் மனசுல ஆறல. அதுல பாதி அலைச்சல் சிம் அப்பா பேருல இருந்ததால வந்தது. நிறைய வீட்டுல இப்படித்தான் இருக்கும், ஒருத்தர் பேருல வாங்குன சிம்மை இன்னொருத்தர் வருஷக்கணக்கா வச்சிருப்பாங்க, அதனாலதான் இதை ஒண்ணு விடாம எழுதுறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மாட்டுத்தாவணியில இருந்து பெரியார் போற டவுன் பஸ், நிக்கக்கூட எடமில்ல. கோரிப்பாளையம் தாண்டுறப்ப போன் கையில இருந்துச்சு, வீட்டுக்காரருக்கு வந்துட்டிருக்கேன்னு மெசேஜ் போட்டுட்டு கைப்பைக்குள்ள வச்சேன். சிம்மக்கல்ல எறங்கி பையைத் தொட்டா ஜிப் பாதி திறந்து கெடக்கு. ஸ்டாப்புல பூ வித்துட்டிருந்த அக்கா என் மூஞ்சியப் பாத்துட்டு அவங்களே போனை நீட்டுனாங்க, அடிச்சேன், ரெண்டு தடவை ரிங் போச்சு, மூணாவது தடவை சுவிட்ச் ஆஃப்.

அந்த நிமிஷத்துல எனக்கு போன் விலையெல்லாம் ஞாபகம் வரல, அக்கவுண்ட்ல இருக்கிற பணம்தான் ஞாபகம் வந்துச்சு. வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரர் போன்ல இருந்து பேங்க் கஸ்டமர் கேருக்கு அடிச்சு எல்லாத்தையும் பிளாக் பண்ணுங்கன்னு சொன்னேன், சரி மேடம் பண்ணியாச்சுன்னாங்க. வைக்கப் போறப்ப ஒரு சந்தேகம் வந்து யூபிஐயும் நிறுத்திட்டீங்களான்னு கேட்டா, இல்ல மேடம் கார்டு மட்டும்தான் பண்ணிருக்கோம்ங்கிறாங்க. அதனால கார்டு, யூபிஐ, மொபைல் பேங்கிங், மூணையும் தனித்தனியா பேர் சொல்லிக் கேளுங்க, மூணுக்கும் கம்ப்ளைண்ட் நம்பர் வாங்கி டைமோட ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. பணம் போயிருந்தா ஒரு நிமிஷம்கூட தாமதிக்காம சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு அடிக்கணும், எனக்கு நல்லவேளை ஒரு ரூபா கூட போகல.

அடுத்து சிம் கம்பெனிக்கு அடிச்சேன். அங்க இருந்துதான் ஆரம்பிச்சுச்சு. சிம் யார் பேருல இருக்குன்னு கேட்டாங்க, என் பேரைச் சொன்னேன், பேர் மேட்ச் ஆகல மேடம்னு சொல்லிட்டாங்க. அப்பத்தான் பொறி தட்டுச்சு. 2013ல காலேஜ் சேர்றப்ப அருப்புக்கோட்டையில அப்பா அவர் அடையாள அட்டையைக் குடுத்து வாங்கித் தந்த சிம் அது. பன்னெண்டு வருஷத்துக்கு மேல நான்தான் ரீசார்ஜ் பண்றேன், என் ஆதார், பேங்க், கேஸ், எல்லாத்துலயும் அந்த நம்பர்தான், ஆனா கம்பெனி கணக்குல அது என் நம்பரே இல்ல.

இதை சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. போனுக்கு எவ்வளவு பெரிய லாக் போட்டிருந்தாலும் சிம்மைக் கழட்டி வேற போன்ல போட்டா ஓடிபி எல்லாம் அங்க வந்து விழும், சிம்முக்குன்னு தனியா பின் லாக் போட்டிருந்தா மட்டும்தான் விழாது. அந்த லாக் செட்டிங்ஸ்லயே இருக்கு, நான் போடல. போடப் போறவங்க ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னை மூணு தடவை தப்பா அடிச்சா சிம் லாக் ஆயிரும், அப்புறம் கம்பெனிகிட்ட பியூகே நம்பர் வாங்கித்தான் திறக்கணும், அதனால தெரியாத பின்னை யூகிச்சு அடிக்காதீங்க. அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட விஷயத்தைச் சொல்லி, அவரோட பட்டன் போன்ல இருந்து அவரைப் பேச வச்சு, சிம்மை நிறுத்துறதுக்குள்ள மணி பத்தாச்சு. அந்த ரெண்டு மூணு மணி நேரம் எனக்கு வயித்துல நெருப்பைக் கட்டிட்டு இருந்த மாதிரி இருந்துச்சு.

மறுநாள் லீவு போட்டுட்டு போலீஸ் ஸ்டேஷன். கோரிப்பாளையத்துக்கும் சிம்மக்கல்லுக்கும் நடுவுல வைகை, ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன் அந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன். முதல்ல போன எடத்துல, போன் போனது பாலம் ஏறுறதுக்கு முன்னாடியாம்மா எறங்குனதுக்கு அப்புறமாம்மான்னு கேட்டாங்க. பஸ்ஸுக்குள்ள எவன் எப்ப எடுத்தான்னு எனக்கு எப்படித் தெரியும். அந்தப் பக்கம் போங்கன்னாங்க, போனேன், அவங்க இந்தப் பக்கம் போங்கன்னாங்க. வெயில்ல பாலத்தை ரெண்டு தடவை கடந்தேன். ரெண்டாவது தடவை திரும்பி வந்தப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு. எங்க ஆபீஸ்ல சட்டம் படிச்ச ஒரு அண்ணன் இருக்காரு, வீட்டுக்காரர் போன்ல அவரைக் கூப்பிட்டேன். 2024 ஜூலை 1ல இருந்து புது சட்டம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173வது பிரிவு, திருட்டு மாதிரி குற்றம் எந்த எல்லையில நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் தகவல் குடுக்கலாம், அதை மரியாதையா சொல்லிப் பாரும்மான்னாரு. சொன்னேன். ரைட்டர் கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு பேப்பரை நீட்டி எழுதும்மான்னாரு.

எழுதுறப்ப தவறவிட்டுட்டேன்னு எழுதிக் குடு, சீக்கிரம் ரசீது போட்டுத் தர்றேன்னாங்க. நான் நடந்ததை நடந்தபடியே எழுதுனேன், பை ஜிப் திறந்திருந்தது, போனைக் காணலன்னு. யாரும் மறுப்பு சொல்லல. ஆனா ஐஎம்இஐ நம்பர், அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கிற அடையாள நம்பர், எங்கன்னு கேட்டாங்க பாருங்க, அங்கதான் மாட்டிக்கிட்டேன். *#06# அடிச்சா வரும்னு எல்லாருக்கும் தெரியும், அடிக்கிறதுக்கு போன் வேணும்ல. போன் வந்த பெட்டியில ஸ்டிக்கர் இருக்கும், அந்தப் பெட்டியை போகிக்கு வீட்டை ஒதுங்க வைக்கிறப்ப தூக்கிப் போட்டுட்டேன். பில்லு பீரோவுல இருந்துச்சு, எடுத்துப் பாத்தா வழுவழுன்னு அந்த மெஷின் பேப்பர், மேல கடை பேரு மட்டும் மங்கலா தெரியுது, கீழ பூரா வெள்ளை. வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன், சாய்ச்சுப் பாத்தேன், 15 நம்பர்ல நாலுதான் தெரிஞ்சுச்சு.

ஆபீஸ் கம்ப்யூட்டர்ல என் ஜிமெயில் ஏற்கனவே திறந்திருந்ததால தொலைஞ்ச போனைத் தேடுற கூகுளோட ஃபைண்ட் ஹப்புல போயி போன் பேருக்குப் பக்கத்துல இருக்கிற தகவல் குறியை அழுத்துனேன், ஒரு ஐஎம்இஐ கிடைச்சுச்சு. ரெண்டு சிம் போன்னா ரெண்டு ஐஎம்இஐ. ரெண்டாவதுக்கு போன் வாங்குன கடைக்கே போனேன். அந்தக் கடைத் தம்பியை நான் மறக்க மாட்டேன், என் நம்பரை வச்சு கம்ப்யூட்டர்ல தேடி பழைய பில்லை ரெண்டு காப்பி பிரிண்ட் எடுத்துக் குடுத்து, காசு வாங்க மாட்டேன்னுட்டாரு. அதை வச்சுத்தான் ஸ்டேஷன்ல சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகார் குடுத்ததுக்கான ரசீது, வாங்குனேன்.

வியாழக்கிழமை அப்பா வேலையை விட்டுட்டு காலையில முதல் பஸ்ஸுக்கே கெளம்பி வந்தாரு. டூப்ளிகேட் சிம் வாங்க சிம் யார் பேருல இருக்கோ அவர் நேர்ல வரணும். வீட்டுப் பக்கத்துல இருக்கிற கடையில ரேகை வைக்கச் சொன்னாங்க. எங்கப்பா நாப்பது வருஷமா தறி ஓட்டுனவரு, விரல் நுனியெல்லாம் தேஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும். வலது கட்டைவிரல் விழல, இடது விழல. கடைக்காரர் மெஷினைத் துடைச்சாரு, அப்பா விரலை வேட்டியில துடைச்சுத் துடைச்சு பத்து விரலையும் ஒவ்வொண்ணா வச்சாரு, ஒண்ணும் விழல. ரேகையே இல்ல பெரியவரே, ஆதார் சென்டர்ல அப்டேட் பண்ணிட்டு வாங்கன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கவனிக்க ஆரம்பிச்சுட்டாரு. அப்பா ஒண்ணும் பேசல, விரலையே பாத்துட்டு நின்னாரு. என்னாலதானேம்மா உனக்கு இவ்வளவு கஷ்டம்னாரு. அந்த வார்த்தை எனக்கு இன்னிக்கும் ஆறல.

ஆனா ரேகை விழலன்னா சிம்மே கிடையாதுன்னு எந்த விதியும் இல்ல. சிம் கம்பெனியோட சொந்த ஷோரூமுக்குப் போனோம், அங்க இருந்த பொண்ணு ஐயா உக்காருங்கன்னு சொல்லி, ஆதார் அட்டையையும் அப்பாவையும் அவங்க ஆப்லயே போட்டோ எடுத்துச்சு. அப்பாவோட பட்டன் போனுக்கு ஒரு ஓடிபி வந்துச்சு, கால் மணி நேரத்துல வேலை முடிஞ்சது. டிஜிட்டல் கேஒய்சின்னு பேரு. வீட்டுல வயசானவங்க பேருல சிம் இருந்தா சின்னக் கடைக்குப் போகாம நேரா கம்பெனி ஷோரூமுக்கே கூட்டிட்டுப் போங்க, அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்க.

சிம் கிடைச்ச சந்தோஷத்துல ராத்திரியே மத்திய அரசோட சஞ்சார் சாத்தி தளத்துல, தொலைஞ்ச போனை பிளாக் பண்ற சிஇஐஆர் பகுதியைத் திறந்து உக்காந்தேன். ஐஎம்இஐயை பிளாக் பண்ணிட்டா அந்த போன் இந்தியாவுல எந்த கம்பெனி சிம் போட்டாலும் வேலை செய்யாது. எல்லாத்தையும் நிரப்பிட்டு ஓடிபி குடுத்தா வரவே இல்ல. ஆறு தடவை அனுப்புனேன். கால் வருது, நெட் வருது, எஸ்எம்எஸ் மட்டும் வரல. சிம்மே கோளாறுன்னு நினைச்சு மறுநாள் காலையில திரும்ப ஷோரூம் வாசல்ல போயி நின்னா, புது சிம் போட்டா 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது மேடம், அதுதான் ரூல்ங்கிறாங்க. நம்ம நம்பருக்கு வேற எவனாவது டூப்ளிகேட் சிம் வாங்கி பேங்க் ஓடிபியைப் பிடிச்சிரக் கூடாதுன்னு வச்ச விதி, நல்ல விதிதான், நான் அதைக் குறை சொல்லவே மாட்டேன். முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னொரு அரை நாள் லீவு மிச்சமாயிருக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எஸ்எம்எஸ் வர ஆரம்பிச்சதும் மறுபடி உக்காந்தேன். பில், சிஎஸ்ஆர் ரசீது, அடையாள அட்டை மூணையும் ஏத்தணும், ஒவ்வொண்ணும் 500 கேபிக்குள்ள இருக்கணும். போன்ல எடுத்த போட்டோ மூணு நாலு எம்பி இருக்கும், முன்னாடியே சுருக்கி வச்சுக்கோங்க, ஆனா சிஎஸ்ஆர் நம்பர் படிக்கிற மாதிரி தெளிவா இருக்கணும். ரெண்டு ஐஎம்இஐயையும் போடுங்க. கடைசியில ஒரு ரிக்வெஸ்ட் ஐடி வரும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தா மட்டும் போதாது, பேப்பர்லயும் எழுதி வைங்க. மறுநாள் பாத்தப்ப பிளாக் ஆயிருந்துச்சு.

அதுக்கப்புறம் ஒரு மாசம் ஒண்ணும் இல்ல. போனை மறந்துட்டு பழைய போன் ஒண்ணை வச்சு ஓட்டிட்டிருந்தேன். 38வது நாள் சைபர் கிரைம்ல இருந்து பேசுறோம், உங்க போன் கிடைச்சிருக்குன்னு ஒரு கால். நான் நம்பல, இப்படிச் சொல்லி ஏமாத்துறவங்களும் இருக்காங்கல்ல, அதனால அந்த நம்பர்ல ஒண்ணும் பேசாம நேரா ஸ்டேஷனுக்குப் போயி கேட்டேன், உண்மைதான்னாங்க. போலீஸ் இதுக்கு ஓடிபியும் கேக்க மாட்டாங்க, காசும் கேக்க மாட்டாங்க, கேட்டா காலைக் கட் பண்ணிருங்க. பிளாக் ஆன போன்ல சிம் போட்டா அந்தத் தகவல் போலீஸுக்குப் போயிருமாம், பக்கத்து மாவட்டத்துல ஒருத்தர் செகண்ட் ஹேண்ட்ல வாங்கி சிம் போட்டிருக்காரு, பாவம் அவர் குடுத்த காசும் போச்சு. செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க காசு குடுக்குறதுக்கு முன்னாடி *#06# அடிச்சு நம்பரை எடுத்து, இங்கிலீஷ்ல கேஒய்எம்னு போட்டு ஒரு இடம் விட்டு அந்த 15 நம்பரையும் டைப் பண்ணி 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க, பிளாக் ஆன போனான்னு பதில் வந்துரும்.

41வது நாள் கையெழுத்துப் போட்டு வாங்குனேன். ஸ்கிரீன்ல ஓரமா ஒரு கீறல், மத்தபடி நல்லாவே இருந்துச்சு. வீட்டுக்கு வந்து சிம்மைப் போட்டா டவரே வரல. போன் கெட்டுப்போச்சுன்னு மொபைல் சர்வீஸ் கடைக்குப் போனேன், அவர் பாத்துட்டு போர்டு போயிருக்கும், 2500 ஆகும்னாரு. நல்லவேளை குடுக்கல. பிளாக் பண்ணது நாமதான், அதை எடுக்கிறதும் நாமதான் எடுக்கணும், போலீஸ் போனைக் குடுத்ததும் தானா எடுபடும்னு நான் நினைச்சுட்டேன். அதே தளத்துல அன்பிளாக்னு தனியா இருக்கு, பேப்பர்ல எழுதி வச்சிருந்த ரிக்வெஸ்ட் ஐடியைப் போட்டு, காரணத்தைச் சொல்லி, ஓடிபி குடுத்தேன். மறுநாள் காலையில டவர் வந்துருச்சு.

சிம்மை என் பேருக்கு மாத்துறதுக்கு அப்பாவும் நானும் சேர்ந்தே போகணும். வர்ற ஞாயித்துக்கிழமை வர்றேன்னிருக்காரு, இந்தத் தடவை நேரா அந்த ஷோரூமுக்கேதான் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு ஐஎம்இஐயையும் வீட்டுல இருக்கிற எல்லா போனுக்கும் சேத்து எழுதி ரேஷன் கார்டு கவருக்குள்ள வச்சுட்டேன், கடை பில்லுக்கும் ஜெராக்ஸ் எடுத்து அதுலயே சொருகியாச்சு.