ஸ்டீயரிங் ஆட்டம்: பாக்ஸைத் திருகும் முன் மூட்டுகளைப் பாருங்கள்

பழைய வண்டியில் ஸ்டீயரிங் ஆட்டம் கண்டால் பலரும் முதலில் கை வைப்பது ஸ்டீயரிங் பாக்ஸின் (ஸ்டீயரிங் தண்டின் அடியில் இருக்கும் கியர் பெட்டி) அட்ஜஸ்ட்மெண்ட் ஸ்க்ரூவில். தயவுசெய்து வேண்டாம். கீழே சக்கரங்களைத் திருப்பும் கம்பிகளின் மூட்டுகள் தேய்ந்து கிடக்க, பாக்ஸை இறுக்கினால் உள்ளே கியர் தேயும். வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது.

சோதிக்கும்போது சக்கரங்கள் தரையில் இருக்கட்டும். டயர் தரையைப் பிடித்திருந்தால்தான் சுமை மூட்டுகளில் விழும். கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிதாக ஆட்ட வேண்டும். பாக்ஸிலிருந்து வரும் கையான பிட்மேன் ஆர்மில் தொடங்கி, சக்கரத்தைத் திருப்பும் டை ராட் கம்பியின் முனை மூட்டான டை ராட் எண்ட் வரை ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். ஒரு பக்கம் நகர்ந்து, மறுபக்கம் ஒரு கணம் பிந்தி வந்தால் அந்த மூட்டு போய்விட்டது. மூட்டின் ரப்பர் உறையான பூட் கிழிந்து, ஓரத்தில் துருநிறக் கிரீஸ் கசிந்திருப்பதும் அதே சேதிதான்.

எல்லார் கண்ணிலும் தப்புவது ஐட்லர் ஆர்ம், அதாவது பிட்மேன் ஆர்முக்கு எதிர்ப்பக்கத்தில் கம்பியைத் தாங்கும் கை. பக்கவாட்டில் சரியாக இருக்கும். கையால் மேலும் கீழும் தள்ளினால்தான் ஆட்டம் தெரியும். அது ஏறி இறங்கும்போது டோ (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) மாறுவதால், மேடுபள்ளத்தில் வண்டி அலைபாயும், டயர் ஓரம் இறகுபோல் தேயும். பிறகு சக்கரத்தைத் தூக்கி 12, 6 மணி நிலையில் பிடித்து ஆட்டுங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் சக்கர பேரிங்கையோ சஸ்பென்ஷனின் பால் ஜாயிண்டையோ பார்க்க வேண்டும்.

டை ராட் எண்டைக் கழற்றுமுன் அது திருகி நிற்கும் குழாயான ஸ்லீவின் கிளாம்ப்பைத் தளர்த்தி, ஸ்டட்டின் (மூட்டிலிருந்து நீளும் கூம்பு ஆணி) நடுவிலிருந்து ஸ்லீவ் வரை அளந்து, வெளியே தெரியும் மரைகளையும் எண்ணிக் குறியுங்கள். ஒரு முனையில் இடது மரை, அதாவது எதிர்த்திசையில் திருகும் மரை, இருக்கும். நட்டைப் பூட்டும் ஸ்பிளிட் பின்னை எடுத்து, நட்டைச் சில மரை தளர்த்தி அப்படியே விடுங்கள். பிறகு ஸ்டட்டை அல்ல, அது உட்காரும் நக்கிள் ஆர்மின் (சக்கரப் பக்கத்துக் கை) துளையுள்ள கண்ணைப் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கித் தட்டினால் டேப்பர் (கூம்புப் பிடிப்பு) விட்டுவிடும். மூட்டைப் பிரிக்க இடையில் அடித்துச் செருகும் ஃபோர்க் கருவி, ரப்பர் பூட்டைக் கிழிக்கும். பழையதைத் தூக்கிப் போடுவதானால் மட்டும் பயன்படுத்துங்கள். பிட்மேன் ஆர்முக்கு இழுத்துக் கழற்றும் புல்லர் கருவி கட்டாயம். அங்கே சுத்தியலால் அடித்தால் அடி பாக்ஸின் பேரிங்குக்குப் போகும்.

புதியதை மாட்டுமுன் டேப்பரையும் துளையையும் கிரீஸ் இல்லாமல் துடையுங்கள். துளை நீள்வட்டமாகியிருந்தால் புது மூட்டும் நிற்காது, ஆர்மையே மாற்ற வேண்டும். நட்டோடு ஸ்டட்டும் சுற்றினால், கீழிருந்து ஜாக்கியால் லேசாக அழுத்தி இறுக்குங்கள். மேனுவலில் சொன்ன டார்க் (இறுக்கும் அளவு) வந்தும் ஸ்பிளிட் பின் துளை நட்டின் வெட்டுக்கு நேராகவில்லையா? அடுத்த வெட்டு வரும்வரை இன்னும் இறுக்க வேண்டும், ஒருபோதும் தளர்த்தக்கூடாது. பழைய பின்னை மறுபடி போடாதீர்கள். கிரீஸ் நிப்பிள் இருந்தால் பூட் சற்றுப் புடைக்கும்வரை போதும்.

மரை எண்ணி மாட்டினாலும் அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணம்) பார்க்காமல் நெடுந்தூரம் ஓட்டக்கூடாது. டோ சரியாகியும் ஸ்டீயரிங் கோணலாக நின்றால், ஒரு பக்க டை ராட்டை நீட்டிய அளவே மறுபக்கத்தைக் குறையுங்கள். டோ மாறாமல் ஸ்டீயரிங் நடுவுக்கு வரும்.