பால்மரத்தில் ஒரு புல்லி

பின்கட்டில் செய்துவரும் சின்னக் கடைசல் மெஷினுக்கு மோட்டார், தண்டு, பேரிங், பெல்ட், மோட்டார் பக்கத்துச் சின்னப் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) ஆகியவற்றை மட்டும் கடையில் வாங்கினேன். மற்றதெல்லாம் மரம். இந்த மாதம் பெரிய புல்லியும் பேரிங் கட்டைகளும் முடிந்தன.

பினாங்கின் பிறை ஊரில் நாற்காலி மேசை செய்யும் அண்ணன் ஒருவர் பால்மரத் துண்டுகள், அதாவது ரப்பர் மரத் துண்டுகள் கொடுத்தார். "தம்பி, மருந்து ஏத்துன கட்டையா பாத்து எடு, இல்லன்னா உளுத்துடும்" என்றார். உளியை இவ்வளவு இணக்கமாக ஏற்கும் மரம் இந்த விலையில் வேறு கிடைக்காது என்பது என் எண்ணம்.

பெரிய புல்லியின் விட்டம் 150 மி.மீ. ஒரே பலகையில் வட்டமாக அறுத்தால் பினாங்கில் அது வட்டமாகவே நிற்காது. தீபாவளி மழையில் உப்பும், தைப்பூச வெயிலில் சுருங்கும். எல்லாம் மர நார் ஓடும் ரேகைக்குக் குறுக்கேதான், நீளவாக்கில் அசைவே தெரியாது. அதனால் 8 மி.மீ. தகடுகள் மூன்றை, நடுத்தகட்டின் ரேகை குறுக்கே வரும்படி ஒட்டினேன். ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும்.

இனிதான் முக்கியமான வேலை. தனியே கடைந்து பிறகு தண்டில் மாட்டினால் புல்லி கொஞ்சமாவது ஆடும். முதலிலேயே தண்டைப் பிடிக்கும் இரும்புக் காலரைப் புல்லியில் போல்ட் போட்டு முடுக்கி, தண்டை அதன் பேரிங்கிலேயே உட்காரவைத்து, மறுமுனையை டிரில்லால் மெதுவாகச் சுற்றவிட்டுக் கடைந்தேன். எந்த அச்சில் ஓடப்போகிறதோ அந்த அச்சிலேயே வட்டம் பிறக்கிறது. நடுவில் குறுகிய உளியால் பள்ளம் இறக்கி, பக்கங்களை அட்டை அளவு வைத்துச் சரித்தேன். வி வடிவ ஏ வகை பெல்ட் மேலே 13 மி.மீ. அகலம், இரு பக்கங்களுக்கும் இடையே 40 பாகை. ஆனால் பள்ளம் 38 பாகைதான் இருக்க வேண்டும். வளையும்போது பெல்ட்டின் உள்பக்கம் பிதுங்கி, வெளிப்பக்கம் இழுபட்டு ஒடுங்கும். சின்னப் புல்லியில் வளைவு அதிகம், அங்கே 34. பெல்ட் பள்ளத்தின் அடியைத் தொடவே கூடாது, பக்கங்களைக் கவ்வித்தான் இழுக்கும்.

பேரிங் 6204, வெளிவிட்டம் 47 மி.மீ. அதைத் தாங்கும் கட்டைகள் பழைய கதவு நிலையின் மெர்பாவ் என்ற கெட்டி மரம். ரேகை கிடையாக ஓடும்படி வைத்து, துளையின் நடுவில் கிடையாகவே இரண்டாகப் பிளந்து, செங்குத்தான போல்ட்டால் இறுக்கினேன். கட்டை உப்புவதும் சுருங்குவதும் அந்த போல்ட்டின் திசையில்தான். பருவம் மாறும்போது நட்டைச் சற்றுத் திருப்பினால் போதும்.

மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று, சின்னப் புல்லி 75 மி.மீ. ஆக, தண்டுக்கு ஏறக்குறைய 720. ஓடவிட்டுப் பலகைமேல் ஐம்பது காசை நிமிர்த்தி வைத்தேன், நின்றது! அவ்வளவு சந்தோஷம்.

அடுத்தது கடையும் கட்டையின் மறுமுனையைத் தாங்கும் பின்தாங்கியின் கைச்சக்கரம், எம்8 (8 மி.மீ. போல்ட்டுக்கான) நட்டு புதைத்த பிடிகள். பிடிகளுக்கான கட்டைகளை அறுத்துவிட்டேன். அவற்றை இந்த மெஷினிலேயே கடையப்போகிறேன்.