ஏற்காடு பஸ்ஸை நிறுத்த எவ்வளவு விசை?

விசை = நிறை × முடுக்கம். பிள்ளைகள் கேட்டவுடன் ஒப்பித்துவிடுவார்கள், கணக்கு போடச் சொன்னால்தான் முழிப்பார்கள். ஏற்காடு மலைப்பாதையை வைத்து நடத்திப் பாருங்கள். அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளைச் சேலத்துப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தவா வேண்டும்!

ஆட்களோடு சேர்த்து 12,000 கிலோ உள்ள பஸ் ஒன்று மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் இதை வினாடிக்கு 10 மீட்டர் என்று மாற்ற வேண்டும் (மார்க் போவது பெரும்பாலும் இங்கேதான்). 5 வினாடியில் நிற்க வேண்டுமென்றால், ஒவ்வொரு வினாடியும் வேகம் 2 மீட்டர் குறைய வேண்டும். ஆக 12,000 × 2 = 24,000 நியூட்டன்.

சரி, இது சமதரைக்கு. இறக்கத்தில் புவியீர்ப்பும் சேர்ந்து இழுக்குமே? 15 மீட்டர் சாலைக்கு 1 மீட்டர் சரிவு என்றால், அந்த இழுவை மட்டும் 12,000 × 9.8 ÷ 15 = 7,840 நியூட்டன். மொத்தம் 31,840.

இதில் கவனிக்க வேண்டியது, வண்டி வேகமே மாறாமல் இறங்கினாலும் அந்த 7,840-ஐ யாராவது எதிர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அடிவாரம் வரை பிரேக்கையே மிதித்தால் சூடேறி அதன் பிடி தளர்ந்துவிடும். டிரைவர் அண்ணன்கள் கியரைக் குறைத்து, அந்த வேலையில் ஒரு பங்கை இன்ஜின் தலையில் கட்டுவது அதனால்தான்.