பேச்சு போன வீட்டில் பாமாலை

அப்பாவுக்கு மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, கூடவே பேச்சும் போய்விட்டது. நாங்கள் சொல்வது அவருக்கு நன்றாகப் புரியும். பதில்தான் வாய் வரை வந்து வார்த்தையாகாமல் நின்றுவிடும். மிச்சமிருந்தது "ஆமா" ஒன்றுதான். தண்ணீர் வேண்டுமா என்றாலும் ஆமா, வேண்டாமா என்றாலும் ஆமா. பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்திய வாத்தியார் அவர். தான் சொன்ன "ஆமா" தவறு என்று அவருக்கே தெரிந்து கண் கலங்கும்போது எங்களால் பார்க்க முடியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒருநாள் குடும்ப ஜெபத்தில் அம்மா, பாமாலை என்ற எங்கள் ஞானப்பாட்டுப் புத்தகத்திலிருந்து "பாவ சஞ்சலத்தை நீக்க" எடுத்தாள். நான் ஆல்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல் பகுதியைப் பாடினேன். இரண்டாவது வரியில் கீழே இன்னொரு குரல் சேர்ந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, அப்பா பாடுதாவ, கேளு" என்றாள். முனகல் இல்லை, முழு வார்த்தைகள். அதிலும் அப்பா மெட்டைப் பாடவில்லை. ஆலயப் பாடகர் குழுவில் காலமெல்லாம் பாடிய பேஸையே, ஆண்களின் அடிக்குரல் பகுதியையே, பிடித்திருந்தார். பெரும்பாலும் ஒரே சுரத்தில் நின்று, இடையிடையே மட்டும் நகரும் பேஸ் அது. "மீட்பர் பாதம் தஞ்சமே" என்று முடித்துவிட்டு, எங்களைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். "ஆமா" என்றுதான் வந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. பேச்சுக்கு இடது மூளையை அதிகம் நம்பியிருக்கிறோம், பாட்டுக்கு வலது பக்கமும் நிறைய உழைக்கிறது, அதனால் பேச்சை இழந்தவர்கள் சிலர் பழகிய பாட்டை வார்த்தையோடு பாடிவிடுவார்கள் என்றார். அப்புறம் நானே தேடிப் படித்தேன். 1745இல் ஸ்வீடனில் ஊலோஃப் டாலின் என்பவர் இப்படி ஒரு மனிதரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். வலது பக்கம் செயலிழந்து, ஒற்றைச் சொல்லைத் தவிர வேறு பேச்சில்லாத அவர், நோய்க்கு முன்பே கற்றிருந்த பாட்டுகளைத் தெளிவாகப் பாடினாராம். அவையும் ஆலயத்தில் பாடும் ஞானப்பாட்டுகள்! அதைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் அப்பாவைப் போல ஒருவர் 280 ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறார்.

"பாவ சஞ்சலத்தை நீக்க" பாட்டின் ஆங்கில மூலத்தை எழுதிய ஜோசப் ஸ்கிரிவன் அயர்லாந்துக்காரர். கல்யாணத்துக்கு முந்தைய நாள் மணப்பெண் தண்ணீரில் மூழ்கி இறந்துபோனாள். கனடாவுக்குப் போய், அங்கே ஏழைகளுக்குக் கூலி வாங்காமல் விறகு அறுத்துக் கொடுத்து வாழ்ந்தார். 1855 வாக்கில், அயர்லாந்தில் துயரத்தில் இருந்த தன் தாய்க்கு ஆறுதலாக இதை எழுதி அனுப்பினார். அச்சில் வரவேண்டும் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. அம்மாவுக்குப் போகவேண்டிய கடிதம் எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்ததாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு உதவிய பாட்டு அது என்றால், எனக்குக் கைகொடுத்தது "என்னோடிரும், மா நேச கர்த்தரே". இரவில் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றி, மறுபடி உட்காரும்போது தன்னாலே வாயில் வரும். ஹென்றி லைட் அந்தப் பாட்டை முடித்தது 1847இல், இங்கிலாந்தின் பிரிக்ஸம் என்ற மீன்பிடி ஊரில். நுரையீரல் நோய் முற்றியிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரில் இறந்துபோனார். நாம் பாடும் மெட்டு 1861இல் வந்தது, அவர் காதில் விழுந்ததே இல்லை. "தூய தூய தூயா" எழுதிய ஹீபர் பிஷப்பும் அப்படித்தான். 1826 ஏப்ரல் 3ஆம் தேதி திருச்சியில், காலையில் திடப்படுத்தல் ஆராதனை (ஞானஸ்நானம் பெற்றவர்களை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு) நடத்திவிட்டுக் குளிக்கப் போன இடத்தில் இறந்தார். அதற்கும் மெட்டு அதே 1861இல்தான். சிறு வயதில் அப்பா எங்களைத் திருச்சி தூய யோவான் ஆலயத்துக்குக் கூட்டிப்போய், ஹீபரை அடக்கம் செய்த இடத்தைக் காட்டியிருக்கிறார். அன்று எனக்கு அது வெறும் கல்.

லைட்டின் பாட்டில் "எல்லாம் சரியாகிவிடும்" என்று ஒரு வரிகூட இல்லை. வெளிச்சம் மங்கிவிட்டது, கூட இரும் என்று கேட்பதோடு சரி. அந்த நாட்களில் நலம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் எனக்கு நம்பிக்கை சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள், ஆனால் எனக்குத் தாங்கவில்லை. புதுப் பாட்டுகளை நான் குறை சொல்லவில்லை, என் மகள் அவற்றில்தான் வளர்கிறாள். ஆனால் துக்கத்தை அவசரப்படுத்தாமல், நான்கு சரணம், ஐந்து சரணம் என்று அதிலேயே உட்கார்ந்திருக்கும் பொறுமை பழைய பாமாலைக்கு உண்டு.

பயிற்சியும் அதிலிருந்தே தொடங்கியது. "நான் பாவிதான், ஆனாலும் நீர்" பாட்டில் ஒவ்வொரு சரணமும் "வந்தேன்" என்று முடியும். சார்லட் எலியட் என்ற நோயாளிப் பெண் எழுதியது. வீட்டில் எல்லாரும் ஒரு நல்ல காரியத்துக்கு ஓடிக்கொண்டிருக்க, தன்னால் ஒன்றுக்கும் உதவ முடியவில்லையே என்று படுத்திருந்த வேளையில் பிறந்ததாம். நான் அந்தக் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்துவேன். அப்பா இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டு "வந்தேன்" என்பார். கொஞ்ச நாளில் அதே இழுப்பில் "தண்ணி தா" வந்தது. இப்போது பாடாமலே சில சொற்கள் வருகின்றன. அம்மா பெயர் இன்னும் வரவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால், அவர்கள் பள்ளிப் பிராயத்தில் பாடிய பாட்டைத் தேடுங்கள். சுருதியை நன்றாக இறக்கி, மெதுவாக எடுங்கள். கடைசிச் சொல்லை அவர்களுக்கு விட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன், பேச்சுப் பயிற்சியாளரைக் கேட்டுச் செய்யுங்கள். எங்கள் வீட்டில் இந்த வாரம் "உம்மண்டை கர்த்தரே". அதற்கு பேஸ் எனக்குத் தெரியாது, அப்பாதான் சொல்லித்தர வேண்டும்.