அப்பாவின் பார்கின்சனும் ஒரு நினைவாற்றல் சோதனையும்

அப்பாவுக்குப் பார்கின்சன், அதாவது நடுக்குவாதம், என்று உறுதியான நாளிலிருந்து டாக்டர் பார்த்ததெல்லாம் கையையும் நடையையும்தான். விரலைத் தட்டச் சொல்வார், நடக்கச் சொல்வார், மாத்திரையைக் கூட்டுவார். "கணக்குப் போடத் தடுமாறுகிறார், இரண்டு வேலை சேர்த்துச் சொன்னால் ஒன்றோடு நின்றுவிடுகிறார்" என்றால், "வயசாகுதில்லம்மா" என்பதோடு சரி. 1817-இல் இந்த நோயைப் பற்றி எழுதிய ஜேம்ஸ் பார்கின்சன், அறிவுக்குப் பாதிப்பில்லை என்றுதான் குறிப்பிட்டார். ஆரம்பத்திலேயே சிலருக்குக் கவனமும் திட்டமிடலும் குறையும் என்று தெரிந்த இந்தக் காலத்திலும் அப்படியே நினைத்தால் எப்படி?

நச்சரித்ததில் ஒரு சோதனை வைத்தார்கள். இன்று என்ன தேதி, எந்த ஊர், எத்தனையாவது மாடி என்கிற மாதிரி. தினமும் பேப்பர் படிக்கிற மனுஷர், 30-க்கு 28 வாங்கிவிட்டார். "நார்மல்" என்று எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. திட்டமிடும் திறனைத் தொடும் கேள்வி அதில் ஏறக்குறைய இல்லவே இல்லை.

வேறொரு மருத்துவமனையில், நினைவோடு கவனத்தையும் திட்டமிடலையும் சேர்த்துப் பார்க்கும் 'மோகா' (MoCA) சோதனையைத் தமிழிலேயே செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். டோக்கன் வரிசை நகரவே இல்லை. எங்கள் முறை வருவதற்குள் மாத்திரையின் வேகம் இறங்கி, அப்பா விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். இந்த நிலையில் எடுத்தால் மதிப்பெண்ணை நம்ப முடியாது என்று சைக்காலஜிஸ்ட் திருப்பி அனுப்பினார். ஒரு நாள் பாழ், ஆனாலும் அவர் சொன்னது நியாயம். மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்துக்கே அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள். கண்ணாடியும் காது மெஷினும் கையோடு இருக்கட்டும்.

அடுத்த முறை, பதினொன்று பத்து காட்டும் கடிகாரம் வரையச் சொன்னார் சைக்காலஜிஸ்ட். வட்டம் சரி, எண்களும் சரி. பெரிய முள்ளை 2-இல் வைக்காமல் 10-இல் கொண்டுபோய் வைத்தார் அப்பா. நினைவில் வைக்கச் சொன்ன ஐந்து சொற்களில் இரண்டுதான் தானாக வந்தன; கோடி காட்டியதும் மீதியும் வந்துவிட்டன. மனதில் பதிகிறது, வெளியே எடுக்கத்தான் சிரமம் என்றார். 30-க்கு 21.

அப்புறம்தான் முக்கியமான விஷயம். அங்கிருந்த நரம்பியல் டாக்டர் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தார். நடுக்கத்துக்காக எழுதிய ட்ரைஹெக்ஸிஃபெனிடில் அதில் இருந்தது. வயதானவர்களுக்கு மறதியையும் குழப்பத்தையும் கூட்டக்கூடிய மருந்து! சட்டென்று நிறுத்தக் கூடாது என்று படிப்படியாகக் குறைத்தார். ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டும் பார்க்கச் சொன்னார்.

நடுக்கம் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனால் பால் கணக்கை அப்பா மறுபடி தானே எழுதுகிறார், மெதுவாக.

டாக்டரிடம் "மறதி" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வேலையில், எப்படித் தடுமாறுகிறார் என்று எழுதிக் கொண்டுபோங்கள். எல்லா மாத்திரையையும் அட்டையோடு எடுத்துப்போங்கள். மோகாவை மறுபடி எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை அப்பாவுக்குத் தோதான காலை நேரத்தையே கேட்டு வாங்கிவிட்டேன்.